விக்கிரகாராதனைக்காரர்: அம்மா ஏன் கோவிக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

போன கிழமை அப்பாவின் ஆட்டத்திவசம். படைத்து முடிந்து இலை போட்டபோது சித்தியின் மகள் மட்டும் பந்தியில் இருக்க மறுத்துவிட்டாள். அவள் 2 வருடமாக ஒரு சபைக்குப் போகிறாள். "விக்கிரகாராதனைக்காரர் படைச்சதை நாங்கள் தொடுறதில்லை, பெரியம்மா" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மாவோ கொஞ்சமும் கோவிக்கவில்லை. "ஓம் பிள்ளை, விக்கிரகத்துக்குத்தான் ஆராதனை. பின்னை வெறுஞ்சுவருக்கே?" என்று கேட்டுவிட்டு, அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இந்தச் சொல் மண்டைக்குள் நிற்கிறது. இது வசையா, வெறும் பெயரா? அகராதியைப் பார்த்தால் 'விக்கிரகத்தை வணங்குபவர்' என்று மட்டும் இருக்கிறது. அப்படியானால் நான் கோவித்தது பிழையா?

இன்னொன்றும் உண்டு. பாடசாலை மலருக்காக, 19ஆம் நூற்றாண்டில் ஒரு அமெரிக்க மிஷனரி இங்கிருந்து எழுதிய கடிதம் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறேன். யாழ்ப்பாணத்துச் சனங்களை அவர் திரும்பத் திரும்ப இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். 'சிலை வணங்கிகள்' என்று போடவா, 'உருவ வழிபாட்டினர்' என்று போடவா, 'இந்துக்கள்' என்று போட்டு அலுவலை முடிக்கவா? அதிபருக்குக் கடைசிதான் விருப்பம்.

பெயர் போட வேண்டாம்.
கொக்குவில்

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் அம்மாவின் பதிலை வாசித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், இந்தச் சொல்லைப் பற்றி நான் எழுதக்கூடியதில் பாதியை அவர் குசினிக்குப் போகிற போக்கில் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். விக்கிரகம், ஆராதனை, காரர். முதலிரண்டும் வடமொழியிலிருந்து வந்து நம் கோயிலுக்குள் குடியேறியவை. விக்கிரகம் என்பதற்கு வடமொழியில் பல பொருள். பிரித்தல் ஒன்று, தொகைச்சொல்லைப் பிரித்துப் பொருள் விரிப்பதையும் விக்கிரகம் என்பார்கள். உடம்பு, தனித்துத் தெரியும் வடிவம் என்பது இன்னொன்று. போர் என்றும் பொருள் உண்டு. அரசியல் நூல்களில் சந்தி விக்கிரகம் என்று வந்தால் சமாதானமும் சண்டையும். (உங்கள் வீட்டுப் பந்தியில் அந்தப் பொருளும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது.) நாம் எடுத்துக்கொண்டது வடிவம் என்ற பொருளை. ஆராதனை என்றால் உவப்பித்தல், மனம் மகிழச் செய்தல். கோயிலில் தீபாராதனை, தேவாலயத்து அறிவிப்புப் பலகையில் ஞாயிறு ஆராதனை, கத்தோலிக்கரிடம் நற்கருணை ஆராதனை. எல்லாம் ஒரே ஆராதனைதான்.

ஆகவே ஒரு சைவப் பெண்ணின் காதுக்கு இந்த இரண்டு பகுதியிலும் குறை கேட்காது. பஞ்சலோக விக்கிரகம் என்கிறோம், எழுந்தருளி விக்கிரகம் என்கிறோம், களவு போனால் 'விக்கிரகத் திருட்டு' என்று பேப்பரில் வருகிறது. அம்மாவின் காதில் விழுந்தவை அந்த இரண்டும். உங்கள் காதில் விழுந்தது மூன்றாவது.

காரர் என்ற ஒட்டுக்குத் தனியாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பால்காரர், தோட்டக்காரர் என்றால் தொழில். காணிக்காரர் என்றால் உடைமை. சண்டைக்காரர், குடிகாரர் என்றால் குணம். முன்னால் நிற்கிற சொல்லையும் பக்கத்தில் நிற்கிற சொற்களையும் பார்த்துத்தான் அதற்கு நிறம் ஏறும். விக்கிரகாராதனைக்காரர் என்ற சொல்லைத் தமிழர் கூடுதலாகக் கேட்டது பைபிளில். அங்கே அது யார் யாரோடு நிற்கிறது என்று பாருங்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம், 6ஆம் அதிகாரம்: வேசிமார்க்கத்தார், விக்கிரகாராதனைக்காரர், விபசாரக்காரர். கொஞ்சம் தள்ளித் திருடர், பொருளாசைக்காரர், வெறியர், உதாசினர், கொள்ளைக்காரர். பொலிஸ் நிலையத்து வாங்கில் இந்த ஆட்களுக்கு நடுவில் ஒரு நல்ல மனிசியைக் கொண்டுபோய் இருத்தினால், வருகிறவர் போகிறவர் என்ன நினைப்பார்கள்? அகராதி ஒவ்வொரு சொல்லையும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கும். அது இருந்த வாங்கைப் பார்க்காது. உங்கள் கோபம் வாங்கைப் பார்த்து வந்த கோபம், பிழையில்லை.

தமிழுக்கு இது மொழிபெயர்ப்பாக வந்து சேர்ந்த சொல். மூலம் கிரேக்கம். 'ஐதோலோன்' என்றால் ஆதியில் நிழலுரு, வெறுந்தோற்றம். செத்தவரின் ஆவியையும் பழைய கிரேக்கப் புலவர்கள் அப்படிச் சொன்னார்கள். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்த யூதர்கள், பிறருடைய தெய்வ வடிவங்களுக்கு இந்தச் சொல்லைப் போட்டார்கள். பொய்த்தோற்றம் என்ற வாடை அதில் முன்பே இருந்தது. அதோடு தொண்டு, பணிவிடை என்று பொருள்படும் 'லாத்ரேயா'வைச் சேர்த்தால் விக்கிரகாராதனை. ஆனால் அந்தச் சிலைக்கு முன்னால் நின்று கும்பிட்ட கிரேக்கர் அதை 'அகல்மா' என்றார்கள். மகிழ்விக்கும் பொருள் என்று அர்த்தம். நம் ஆராதனைக்கு எவ்வளவு கிட்ட வந்து நிற்கிறது, பாருங்கள்! கும்பிட்டவன் தன் சொல்லில் மகிழ்ச்சியை வைத்தான், தள்ளி நின்று பார்த்தவன் நிழலை வைத்தான். நிழலை வைத்த சொல்தான் உலகம் முழுக்கப் பரவியது.

இனி, பைபிள் படிக்கிற உங்கள் தங்கச்சிக்கே தெரிந்திருக்கக்கூடிய ஒரு இடம். அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுல் அத்தேனே பட்டணத்துக்குப் போகிறார். பட்டணம் முழுக்க விக்கிரகம். அதைக் கண்டு அவருக்குள் கொதிக்கிறது. பிறகு அந்த ஊராரின் நடுவில் எழுந்து நின்று பேசுகிறார். எப்படித் தொடங்குகிறார்? "அத்தேனரே, எந்த விஷயத்திலும் நீங்கள் மிகுந்த தேவதாபக்தியுள்ளவர்களென்று காண்கிறேன்." தேவதாபக்தியுள்ளவர்கள்! கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு மூடபக்தி என்ற பக்கமும் உண்டு என்பார்கள். தமிழாக்கியவர்கள் மரியாதையான பக்கத்தை எடுத்தார்கள். எப்படி இருந்தாலும், உள்ளே கொதித்தபோதும் அவர் அந்த ஊர்ச் சனத்தின் முகத்துக்கு நேரே 'விக்கிரகாராதனைக்காரரே' என்று கூப்பிடவில்லை.

அந்தச் சொல்லை அவர் எங்கே எடுக்கிறார்? தன்னுடைய சபைகளுக்கு எழுதும் கடிதங்களில். முன்னோரில் சிலர் அப்படி ஆனார்கள், நீங்கள் ஆகாதீர்கள் என்று கொரிந்தியருக்கு எச்சரிக்கை. கொலோசெயருக்கு எழுதும்போது "விக்கிரகாராதனையான பொருளாசை" என்கிறார். கல்லும் செம்பும் இல்லாமலே விக்கிரகாராதனை நடக்கலாம், சபைக்குள் இருக்கிறவனுக்கும் அது நடக்கலாம் என்று அர்த்தம். (அந்தக் கணக்கில் பார்த்தால், தங்கம் விலை இறங்கிய அன்று கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் சைவமும் வேதமும் தோளோடு தோள் நின்று ஆராதனை செய்கின்றன.)

சொந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் 'கள்ளன் ஆகிவிடாதே' என்று சொல்வது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் 'கள்ளன்' என்பது வேறொன்று. தங்கச்சி தன் வீட்டுக்குள் கேட்ட எச்சரிக்கையை அப்படியே தூக்கிக்கொண்டு படலை தாண்டி வந்து பெரியம்மாவின் முன் வைத்துவிட்டாள். இந்தச் சொல்லின் பொருளைக் கேட்டால் நான் அகராதியை எடுக்கமாட்டேன். யார், யாரைப் பார்த்து, எந்தப் படலைக்கு உள்ளே நின்று சொன்னார் என்றுதான் கேட்பேன்.

அவளை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தச் சொல் படலை தாண்டிப் பல காலம். தரங்கம்பாடியில் சீகன்பால்க் பாதிரியார் 1713இல் அச்சிட்ட சிறுநூல் 'அக்கியானம்' பற்றியது. அக்கியானம் என்றால் அஞ்ஞானம். சைவ சித்தாந்தத்தில் அது ஆணவ மலம் தரும் இருள், எல்லா உயிருக்கும் பொது. அதை எடுத்து ஞானஸ்நானம் பெறாதவனுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். முந்திய தலைமுறைக் கத்தோலிக்கரும் 'அஞ்ஞானி' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள், மனதில் ஒன்றும் வைக்காமலே. என்னைக் கேட்டால் விக்கிரகாராதனைக்காரரைவிட இதுதான் கூடுதலாகச் சுடும். அது என் கை செய்வதைச் சொல்கிறது. இது என் மண்டையைச் சொல்கிறது.

யாழ்ப்பாணத்தில் நடந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1619இல் அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்தது. நல்லூர்க் கோயில் உட்பட ஊர்க் கோயில்கள் இடிபட்டன, காரணம் விக்கிரகாராதனை. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையார். அவர்களின் பார்வையில் மாதாவின் முன் மெழுகுதிரி கொளுத்துகிற கத்தோலிக்கரும் அதே குற்றவாளிகள். தேவாலயங்கள் பறிபோயின. மாந்தையிலிருந்த மாதாவை 1670 அளவில் காட்டுக்குள் கொண்டு ஓடினார்கள், அதுதான் இன்றைய மடு. 1687இல் கத்தோலிக்கக் குருவான யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் ஒளித்துத்தான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஒரு தலைமுறை முன்பு இந்தப் பெயரை வைத்தவர்களின் மார்க்கத்துக்கே இந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

கத்தோலிக்கர் விக்கிரகம் என்று சொல்வதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மாதா சுரூபம், அந்தோனியார் சுரூபம். சுரூபம் என்றாலும் சொரூபம் என்றாலும் ஒன்றுதான். இப்போது யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைத் திறந்தால், புரட்டஸ்தாந்தர் படிக்கிற தமிழில் அந்தக் கட்டளை சொரூபத்தையும் வேண்டாம் என்கிறது, விக்கிரகத்தையும் வேண்டாம் என்கிறது. ஒரே வசனத்தில் தள்ளப்பட்ட இரண்டு சொற்கள். ஒன்றைக் கத்தோலிக்கர் தங்கள் பீடத்தில் வைத்திருக்கிறார்கள், மற்றதைச் சைவர் தங்கள் மூலஸ்தானத்தில். ஆராதனை கடவுளுக்கு மட்டும், சுரூபத்தின் மூலம் புனிதருக்குப் போவது வணக்கம் என்று கத்தோலிக்கர் பிரித்துச் சொல்வார்கள். 787இல் நிசேயாவில் கூடிய சங்கம் தீர்த்துவைத்த வழக்கு அது. நியாயமான பிரிப்பு. ஆனால் பிரித்துச் சொல்ல இடம் கேட்டவர்கள் மற்றவனுக்கும் அந்த இடத்தைக் கொடுத்திருக்கலாம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குள் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்தபோது, செம்மணி வெளியில் நடந்தவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். மழை. மாமி சாமியறையிலிருந்த சிறிய வெண்கலப் பிள்ளையாரைச் சீலைத் துண்டில் சுற்றி மார்போடு வைத்திருந்தா. பக்கத்தில் சைக்கிள் உருட்டி வந்தவர் கரியரில் ஒரு மாதா சுரூபத்தை உரப்பையால் மூடிக் கட்டியிருந்தார். யாரென்று தெரியாது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, சனம் நகராமல் நின்ற நேரம், "அக்கா, உங்கடையவர் நனையிறார்" என்று சொல்லி உரப்பையில் பாதியைக் கிழித்துத் தந்தார். விக்கிரகமும் சுரூபமும் ஒரே உரப்பையின் இரண்டு பாதிக்குள் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தன. 'உங்கடையவர்' என்றாரே, அந்தச் சொல்லை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

உங்கள் மொழிபெயர்ப்புக்குத் தேவையான காலம் அமெரிக்க மிஷன் காலம். 1816இல் வந்தார்கள், பள்ளிக்கூடம், அச்சகம், ஆஸ்பத்திரி எல்லாம் கொண்டுவந்தார்கள், கூடவே இந்தச் சொல்லையும். மிஷனரிகளுக்குச் சைவர் பக்கத்திலிருந்து பதில் சொன்ன ஆறுமுக நாவலர் அமெரிக்க மிஷனில் இருந்தவரல்ல. வெஸ்லியன் மிஷனின் பேர்சிவல் பாதிரியாரிடம் இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். 1848இல் அங்கிருந்து விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் வந்த சைவதூஷணபரிகாரத்தில் அவர் செய்தது, எதிராளியின் புத்தகத்தை விரித்துவைத்து அதிலிருந்தே பதில் சொன்னது. பழைய ஏற்பாட்டிலும் ஆலயம் உண்டு, தூபம் உண்டு, தீபம் உண்டு, பலி உண்டு. எங்களிடம் இருந்தால் மட்டும் தூஷணமா? இந்தக் கேள்வியைக் கேட்க அந்தப் புத்தகத்துக்குள் வருடக்கணக்காக இருந்த ஒருவரால்தான் முடியும். வங்காளத்தில் பிரம்ம சமாஜத்தார் அந்த நூற்றாண்டில் விக்கிரகத்தை விட்டுவிட்டு 'நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை' என்றார்கள். நாவலர் மறுபக்கம் போனார். ஓம், ஆராதனை உண்டு, அதை ஆகமம் சொன்னபடி ஒழுங்காகச் செய்யுங்கள் என்று நம் கோயில்காரரையே பிடித்தார். 'பின்னை வெறுஞ்சுவருக்கே' என்ற குரலின் பூட்டன் அங்கே இருக்கிறார்.

சரி, வசையை விடுவோம். இந்தச் சொல் உண்மையையாவது சொல்கிறதா? விக்கிரகத்தைத்தான் நாம் ஆராதிக்கிறோமா?

நம் ஊர்ப் பேச்சைக் கவனியுங்கள். சிற்பாசாரியின் பட்டறையில் இருந்தால் சிலை. முத்திரைச் சந்தியில் குதிரையில் இருக்கிற சங்கிலியன் சிலை. ஆனால் கும்பாபிஷேகம் முடிந்து உள்ளே இருந்தால் பிள்ளையார், வைரவர், அம்மாளாச்சி. 'பிள்ளையாருக்கு எண்ணெய்க்காப்பு' என்போம். 'பிள்ளையார் சிலைக்கு எண்ணெய்' என்று யாராவது சொன்னால், ஆள் வெளியூரோ என்று திரும்பிப் பார்ப்போம். கோயில் திருத்தவேண்டி வந்தால் பாலஸ்தாபனம் செய்கிறார்கள் அல்லவா? மூலமூர்த்தியிலிருந்து சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு எழுந்தருளப்பண்ணி வேறிடத்தில் வைத்துப் பூசை செய்கிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே இருப்பதைக் கல்வேலை செய்கிறவர் தொடலாம், அசைக்கலாம். கற்பூரம் கும்பத்துக்குத்தான் காட்டப்படும். கல்லே கடவுள் என்று நினைக்கிற சனமாக இருந்தால் இப்படி ஒரு கிரியை எதற்கு? பொங்கலுக்குச் சாணத்தில் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் குத்தி வைக்கிறோம். பொங்கி முடிய அவர் போகிறார், சாணி சாணியாகிறது. யாரும் அழுவதில்லை.

நல்லூருக்கே போவோம். இத்தனை ஆயிரம் சனம் மண்ணில் உருண்டு கும்பிடுகிற அந்தக் கோயிலின் மூலஸ்தானத்தில் இருப்பது வேல். ஆறுமுகமும் பன்னிரு கையும் கொண்ட வடிவம் அங்கே மூலவர் இல்லை. தொண்டைமானாற்றுச் சந்நிதியிலும் வேல்தான், வாய் கட்டிப் பூசை. கதிர்காமத்தில் திரையைக் கும்பிட்டுவிட்டு வருகிறோம், திரைக்கு உள்ளே இருப்பதைக் காண்பதில்லை. மிஷனரி கடிதம் எழுதிய காலத்தில் இந்தக் கோயில்களுக்குப் போனவர்களும் அவருக்கு விக்கிரகாராதனைக்காரர்தான். சித்தாந்தம் படித்தவரைக் கேட்டால் இன்னும் நுணுக்கமாகச் சொல்வார்: அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்று, சிவலிங்கம் அருவுருவம். கணக்காகப் பார்த்தால் லிங்கத்தை வணங்குகிறவர் 'உருவ வழிபாட்டினர்'கூட இல்லை.

சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரம் "ஆலயந் தானும் அரனெனத் தொழுமே" என்று முடியும். அரன் என. அந்த 'என'வில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் அம்மா சித்தாந்த வகுப்புக்குப் போயிருக்க மாட்டார், ஆனால் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கும்போது அந்த 'என' அவர் கையில் இருக்கும்.

எல்லோரும் இவ்வளவு நுணுக்கமாகத்தான் கும்பிட்டார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. புறநானூற்றில் மாங்குடி கிழார், "கல்லே பரவின் அல்லது நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே" என்கிறார். போரில் விழுந்தவனின் நடுகல். கல்லைத் தவிர வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற குரல் அது. சாட்டுப்போக்கு ஒன்றும் இல்லை. மறுபக்கத்தில் "நட்ட கல்லும் பேசுமோ" என்று கேட்ட சிவவாக்கியரும் நம்மவர்தான். தங்கச்சிக்கு வாதாட ஆசை என்றால் சிவவாக்கியரை வாங்கிக் கொடுங்கள். அவரளவுக்குச் சூடாக எந்தப் பாதிரியாரும் தமிழில் கேட்டதில்லை.

நாமும் பெயர் வைத்தவர்கள்தான் என்பதை மறந்துவிடக்கூடாது. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பத்தாம் பாட்டு வந்தால் சமணருக்கும் பௌத்தருக்கும் என்ன கிடைக்கும் என்று தேவாரம் படித்தவருக்குத் தெரியும். கிறிஸ்தவர்களை நம் ஊரில் 'வேதக்காரர்' என்கிறோம், 'சைவமோ வேதமோ' என்று கலியாணம் பேசும்போது கேட்கிறோம். அதிலும் அதே காரர். அந்தச் சொல்லுக்கு வாங்கு நல்ல வாங்காக அமைந்தது, அதனால் சுடவில்லை. இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கோயில் காணியில் அடாத்தாக எழும்புகிற கட்டடங்களைப் பற்றி எனக்கும் வழக்கு உண்டு, அது வேறு கதை. ஆனால் நம் பேப்பர்களைப் பாருங்கள்: நம்முடையது களவுபோனால் விக்கிரகம், பௌத்தர்களுடையது எங்கு இருந்தாலும் சிலை. அதைக் கும்பிடுகிற சிங்களக் கிழவி 'பிளிம வஹன்சே' என்று மரியாதை ஒட்டுப் போட்டுச் சொல்லுவாள். பிளிம என்பது நம் படிமத்தின் உடன்பிறப்பு, இரண்டுக்கும் தாய் 'பிரதிமா'. பாரசீகத்தில் விக்கிரகத்துக்கே 'புத்' என்று பெயர், புத்தரின் பெயரிலிருந்து வந்தது. சிலையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போய்ச் சேர்ந்த மனிதருக்கு இப்படியும் ஒரு கதி.

இனி உங்கள் மலர். அதிபரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், 'இந்துக்கள்' என்று போட்டால் அது மொழிபெயர்ப்பு இல்லை, வெள்ளையடிப்பு. அந்த மிஷனரி இந்துக்கள் என்று எழுத நினைத்திருந்தால் அப்படியே எழுதியிருப்பார். அவர் குறித்தது குற்றத்தை. அந்தக் குற்றச்சாட்டு வாசிக்கிற பிள்ளைகளுக்குக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் நாவலர் எதற்காக அவ்வளவு கோபப்பட்டார் என்பதே விளங்காது. 'உருவ வழிபாட்டினர்' என்பது நம் காலத்துப் பல்கலைக்கழகச் சொல், பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும். அந்தத் தாடிக்காரர் வாயில் அது ஒட்டாது. 'சிலை வணங்கிகள்' என்பதை இஸ்லாமியத் தமிழில் கூடுதலாகக் காணலாம், அங்கே 'இணைவைப்போர்' என்ற சொல்லோடு சேர்ந்து அதற்கென்று ஒரு பாரம் உண்டு. அதை அமெரிக்கப் பாதிரியாருக்குக் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். புதிய திருவிவிலியம் 'சிலைவழிபாடு' என்று மாறிவிட்டது. கோயிலுக்குள் புழங்குகிற விக்கிரகம் என்ற சொல்லைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்ததால் அதுவே எனக்கு விருப்பம். ஆனால் 19ஆம் நூற்றாண்டுக் கடிதத்துக்கு அதுவும் காலம் பிந்திய சட்டை.

அதனால் 'விக்கிரகாராதனைக்காரர்' என்றே போடுங்கள், நீளமாக இருந்தாலும். கடிதத்தில் பொதுப்படையாகப் புறச்சமயத்தவர் என்கிற சொல் வரும் இடங்களில் 'அஞ்ஞானிகள்' என்று போடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள், அவர் கலந்திருக்க மாட்டார். விக்கிரகாராதனைக்காரர் என்று முதலில் வரும் இடத்தில் அடிக்குறிப்பாக ஒரு வரி, அந்தக் காலத்து மிஷனரிகள் சைவரை இப்படித்தான் அழைத்தார்கள் என்று. உங்கள் முன்னுரையில் உங்கள் வாயால் பேசும்போது 'சைவர்' என்று எழுதுங்கள். அவர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

தங்கச்சி சங்கதி. அவள் பந்தியில் இருக்காததை நான் அவமரியாதையாக எடுக்கவில்லை. அவள் புத்தகத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய அதே நிருபம், 10ஆம் அதிகாரம்: அழைத்த வீட்டில் முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறது 27ஆம் வசனம். இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சாப்பிடாதே என்கிறது 28ஆம் வசனம். படைத்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லாமல் அவள் பிறந்த நாளிலிருந்து அறிந்தவள், இதே படையலில் கத்தரிக்காய்க் கறிக்குச் சண்டைபிடித்தவள். அவளுக்கு 27ஆம் வசனத்துக்குள் ஒளிக்க வழியில்லை. சாப்பிடாமல் விட்டது அவள் உரிமை. அந்தப் பெயரைச் சொல்லாமல், 'எனக்கு வேண்டாம், பெரியம்மா' என்று விட்டிருக்கலாம். அடுத்த வருடம் சோறு வடித்த கையோடு, படைக்க முதல், அவளுக்கென்று ஒரு சட்டியில் எடுத்து மூடி வையுங்கள். சோற்றிலும் கறியிலும் ஒரு குறையும் வராது. அம்மா மறுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். படையலுக்கும் தேத்தண்ணிக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தராமலே அறிந்து, அன்றைக்கே குசினிக்குப் போனவர் அவர்.

அந்தத் தேத்தண்ணியை அவள் குடித்தாளா? நீங்கள் எழுதவில்லை.